நொய்யல்: ஆறும் ஊரும் நிலமும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நாம் அணியும் ஒரு பனியனின் விலையில் பஞ்சின் விலை உண்டு. நூற்பவர், பின்னுபவர், தைப்பவர் ஆகியோரின் கூலி உண்டு. சாயத்தின் விலையும் உண்டு. ஆனால், சாயம் ஏற்றிய நீர் எங்கே சென்றது, சென்ற வழியில் எதை மாற்றியது என்னும் கணக்கு நெடுங்காலம் அவ்விலையில் சேரவில்லை. சேராத அத்தொகையை ஓர் ஆறும் அதன் கரை நிலங்களும் செலுத்தின. மாசு, நகர வாழ்வு, நிலவளக் குறைவு ஆகியவை பாடநூலில் தனித்தனித் தலைப்புகளாக நிற்பவை. ஓர் ஆற்றின் போக்கைப் பின்தொடர்ந்தால் அவை ஒன்றன் தொடர்ச்சியாக மற்றொன்று அமைவதைக் காணலாம். கொங்கு நாட்டின் நொய்யலாறு அதற்குச் சான்றாக அமைகிறது.

ஆற்றின் பிறப்பும் போக்கும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் கிழக்கு நோக்கி ஓடிக் காவிரியில் கலக்கிறது. கலக்கும் இடத்திலுள்ள ஊரின் பெயரும் நொய்யல் என்பதே. பேரூர்ப் புராணம் இவ்வாற்றைக் காஞ்சிமாநதி எனப் போற்றுகிறது. கௌசிகா நதி, நல்லாறு, ஜம்மனை ஓடை முதலியன வழியில் வந்து சேர்கின்றன. இதன் வடிநிலப் பரப்பு சுமார் 3,500 சதுர கிலோமீட்டர்.

ஆறு பிறக்கும் மலைச்சரிவில் மழை மிகுதி. மலையைக் கடந்து சமவெளிக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலையின் மேற்குப் புறத்திலேயே பெரும்பாலும் இறக்கிவிடுவதால், கிழக்கிலுள்ள கொங்குச் சமவெளி மழைமறைவுப் பகுதியாக அமைந்துள்ளது. இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் வரையே. ஆகவே நொய்யல் ஆண்டு முழுவதும் பெருகி ஓடும் ஆறு அன்று. மழைக்காலத்தில் சில வாரங்கள் வெள்ளம் பாயும். மற்ற நாள்களில் மணலின் அடியில் ஊற்றாக நிற்கும்.

இந்த இயல்பை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆற்றின் குறுக்கே சிறு அணைக்கட்டுகளைக் கட்டி, வெள்ளநீரை வாய்க்கால்களின் வழியே குளங்களுக்குத் திருப்பினர். கோயம்புத்தூரில் உள்ள உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம் முதலியன இவ்வகையில் அமைந்தவை. ஒரு குளம் நிரம்பினால் மிகுநீர் அடுத்த குளத்திற்குச் செல்லும். கடைசிக் குளத்தின் உபரி மீண்டும் ஆற்றை அடையும். குளங்கள் கிணறுகளுக்கு ஊற்று அளித்தன. சில வாரங்களே ஓடிய ஆறு ஆண்டு முழுவதும் ஊரைக் காத்தது இவ்வாறுதான்.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் இருத்த வேண்டும். பெருகி ஓடும் ஆறு தன்னில் கலந்த மாசை ஓரளவு நீர்த்துப்போகச் செய்யும். நொய்யல் போன்ற பருவகால ஆற்றுக்கு அந்த ஆற்றல் ஆண்டில் சில வாரங்களுக்கே உண்டு. எஞ்சிய நாள்களில் அதனுள் விடப்படுவதே அதன் நீராகிவிடும்.

பஞ்சிலிருந்து பனியன் வரை

கோயம்புத்தூர்ப் பகுதியின் கருமண் பருத்திக்கு ஏற்றது. பருத்தி விளைந்த இடத்தில் பஞ்சு அரவை ஆலைகளும், அவற்றைத் தொடர்ந்து நூற்பாலைகளும் தோன்றின. நூல் கிடைத்த இடத்தில் பின்னலாடைத் தொழில் வேரூன்றியது. மழை குறைந்த நிலத்தில் வேளாண்மையை மட்டும் நம்பி வாழ இயலாத குடும்பங்கள் தம் உழைப்பையும் சிறுசேமிப்பையும் பட்டறைகளில் இட்டன. உள்நாட்டிற்கு வெள்ளைப் பனியன் அனுப்பி வந்த திருப்பூர், 1980-களுக்குப் பின் வண்ண ஆடைகளை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் நகரமாக வளர்ந்தது.

இத்தொழிலில் ஒரு தனித்தன்மை உண்டு. பின்னுதல், சலவை செய்தல், சாயம் ஏற்றுதல், வெட்டுதல், தைத்தல், பொத்தான் கட்டுதல், சரிபார்த்தல், பெட்டியில் அடுக்குதல் என ஒவ்வொரு பணியும் தனித்தனிப் பட்டறையில் நடைபெறும். அதனால் பெருமுதல் இல்லாதவரும் தொழிலில் நுழைய முடிந்தது. இலட்சக்கணக்கானோர் வேலை பெற்றனர். வறட்சியால் நிலத்தைவிட்டு வந்தவர்களுக்குத் திருப்பூர் சோறிட்ட ஊர். இதை மறந்துவிட்டு இவ்வூரின் சுற்றுச்சூழல் சிக்கலைப் பேசுவது முறையாகாது.

அதே சிறுபட்டறை அமைப்பே மாசின் சிக்கலையும் கடினமாக்கியது. வெள்ளைப் பனியனுக்குச் சலவைப்பட்டறை போதும். வண்ண ஆடைக்குச் சாயப்பட்டறை வேண்டும். நூற்றுக்கணக்கான சிறு சாயப்பட்டறைகள் ஆற்றையும் ஓடைகளையும் ஒட்டி எழுந்தன. நீரைச் சுத்திகரிக்கும் எந்திரங்களைத் தனியாக நிறுவும் வசதி அவற்றுள் பலவற்றுக்கு இல்லை. அருகில் ஓடை இருந்தது. அதில் விடுவது எளிதாக இருந்தது.

உப்பின் வழி

சாயக்கழிவு என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது நிறம். சிவப்பும் நீலமும் கறுப்புமாக ஓடிய ஆற்றைக் கண்டவர் அதனை மறக்கமாட்டார். ஆயினும் நொய்யலுக்கு மிகுந்த கேடு விளைவித்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அது உப்பு.

பருத்தி இழை நீரில் நனைந்திருக்கும்போது அதன் மேற்பரப்பில் சிறிதளவு எதிர்மின் தன்மை உண்டாகிறது. பருத்திக்குப் பயன்படும் வினைபுரி சாயங்களும் நீரில் எதிர்மின் தன்மை உடையவை. எனவே அவை ஒன்றையொன்று விலக்கும். இந்த விலக்கத்தைக் குறைத்துச் சாயத்தை இழையின் அருகே கொண்டுசெல்ல, சாயத்தொட்டியில் சோடியம் குளோரைடு எனப்படும் சாதாரண உப்பையோ சோடியம் சல்பேட்டையோ மிகுதியாகக் கரைக்கின்றனர். உப்பு தன் பணியை முடித்தபின் துணியில் தங்குவதில்லை. துணியை அலசும்போது முழுவதும் கழிவுநீருடன் வெளியேறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் நீர், ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் உப்பு எனக் கொண்டால், ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு செலவாகிறது. 150 கிராம் எடையுள்ள ஒரு பனியனுக்கு 75 கிராம் உப்பு. நாளொன்றுக்கு நூறு டன் துணி இவ்வாறு சாயமேறினால், ஐம்பது டன் உப்பு கழிவுநீரில் சேரும்.

நிறத்தை நீக்க வழிகள் உண்டு. சுண்ணாம்பும் படிகப் பொருள்களும் சேர்த்தால் சாயம் கசடாகப் படிந்துவிடும். நுண்ணுயிர்கள் கரிமப் பொருள்களைச் சிதைக்கும். உப்போ இவ்வழிகளுக்கு அடங்குவதில்லை. அது படிவதுமில்லை, மட்குவதுமில்லை. தெளிந்த நீராகத் தோன்றுவதிலும் அது கரைந்திருக்கும். குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. ஆற்றில் விடப்படும் கழிவுநீருக்கான வரம்பு 2,100 மில்லிகிராம். மேற்கண்ட கணக்கின்படி சாயத்தொட்டியின் நீரில் லிட்டருக்கு 50,000 மில்லிகிராம் உப்பு உள்ளது. அலசிய நீரெல்லாம் சேர்ந்து இது பலமடங்கு நீர்த்தாலும் வரம்புக்குள் வருதல் அரிது என்பதை எளிதில் உணரலாம்.

கடற்கரை உப்பளத்தில் விளைந்த உப்பு, சாயப்பட்டறைக்கு வந்து, ஆற்றில் இறங்கி, உள்நாட்டு வயல்களில் குடியேறியது. மாசு என்பது பெரும்பாலும் இத்தகைய இடமாற்றமே. ஓரிடத்தில் பயன்தரும் பொருள், இருக்கக்கூடாத இடத்தில், இருக்கக்கூடாத அளவில் சேரும்போது மாசாகிறது.

அணையில் தேங்கியது

திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலைக்கு அருகில், நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. பணி 1992-ஆம் ஆண்டு நிறைவுற்றது. மழைக்காலத்தில் வீணாகும் வெள்ளத்தைத் தேக்கி, கீழ்ப்பகுதியிலுள்ள ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலங்களுக்குப் பாசன வசதி அளிப்பதே அதன் நோக்கம். மழைமறைவுப் பகுதியின் உழவர்கள் நெடுநாள் எதிர்பார்த்த அணை அது.

அணை கட்டப்பட்ட காலமும் சாயத்தொழில் பெருகிய காலமும் ஒன்றாக அமைந்தன. வெள்ளநீரைத் தேக்க எழுந்த சுவர், சாயநீரையும் தேக்கியது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே, தேங்கிய நீர் நாளுக்கு நாள் அடர்ந்தது. அடியில் சாயக்கசடு படிந்தது. தேக்கத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் உவர்ப்பு ஏறியது. அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரைப் பாய்ச்சிய வயல்களில் பயிர் கருகியது. காங்கேயம் மாடுகளுக்குப் பேர்பெற்ற இவ்வட்டாரத்தில் கால்நடைக்குக் காட்டவும் நல்ல நீரின்றி மக்கள் இடர்ப்பட்டனர்.

பின்னர் நிகழ்ந்தது வேளாண் வரலாற்றில் அரிது. அணையின் நீரைத் திறந்துவிடுங்கள் என்று உழவர் கேட்பதே எங்கும் வழக்கம். இங்கே, எங்கள் நிலத்திற்கு அந்நீரைத் திறந்துவிட வேண்டா என்று ஆயக்கட்டு உழவர்களே வேண்டினர். பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட அணை, பாசனத்திற்கு உதவாத நீரின் கொள்கலமாயிற்று.

மண் இறுகும் விதம்

உப்புநீர் நிலத்தை இரு வகைகளில் கெடுக்கிறது. முதலாவது, வேருக்கும் நீருக்கும் இடையிலான தடை. மண்ணிலுள்ள நீரில் உப்பின் செறிவு மிகுந்தால், வேர் அந்நீரை உறிஞ்ச இயலாது. வயல் ஈரமாக இருக்கும், பயிர் வாடும். இலையின் விளிம்பு தீய்ந்ததுபோல் காயும். மஞ்சள், வாழை போன்ற பயிர்கள் இதனைத் தாங்கமாட்டா. தென்னை ஓரளவு தாங்கும்.

இரண்டாவது கேடு மண்ணின் கட்டமைப்பில் நிகழ்கிறது. களிமண் துகள்கள் எதிர்மின் தன்மை உடையவை. கால்சியம் அவற்றைப் பிணைத்துச் சிறுசிறு கட்டிகளாக்கி, இடையே காற்றும் நீரும் செல்லும் துளைகளைக் காக்கிறது. பாசன நீருடன் சோடியம் மிகுதியாக வந்து கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது இப்பிணைப்பு தளர்கிறது. மழை பெய்ததும் துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கின்றன. நீர் கீழிறங்காமல் சேறாக நிற்கும். காய்ந்தபின் மண் கல்லெனப் பாளமாகும். பட்டறையில் சாயத்தையும் துணியையும் சேர்த்துவைத்த அதே சோடியம், வயலில் மண்ணின் பிணைப்பைக் குலைத்துவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

உப்புகள் மிகுந்து மேற்பரப்பில் வெண்மையாகப் பூத்திருக்கும் நிலம் உவர்நிலம். சோடியம் மிகுந்து இறுகிய மண் களர்நிலம். நல்ல வடிகாலும் நல்ல நீரும் இருந்தால் உவர்நிலத்தின் உப்பைக் கரைத்து வெளியேற்றலாம். களர்நிலத்திற்கு அது போதாது. ஜிப்சம் இட்டு, அதன் கால்சியத்தால் சோடியத்தை வெளியேற்றிய பின்னரே நீரால் அலச வேண்டும். தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரப்பயிர்களை மடக்கி உழுவதும் துணைசெய்யும். விளைச்சல் தாராத களர்நிலத்தைத் திருக்குறள் கல்லாதவருக்கு உவமையாக்குகிறது.

பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வளமிழந்து திரியும்போது பாலையாகின்றன என்னும் கருத்து சிலப்பதிகாரத்தில் உண்டு. வெயிலின் கொடுமையால் நிலம் திரிவதை இளங்கோவடிகள் எண்ணினார். மழை பொய்க்காத ஆண்டிலும் மருதம் பாலையாகலாம் என்பதை நொய்யல் நமக்குக் காட்டியது.

நகரத்தின் உள்ளே

ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலம் வளமிழந்துகொண்டிருந்த காலத்தில் நகரமும் நலமாக இல்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தனர். 2001-இல் இது 44 விழுக்காடு. திருப்பூர் மாநகரின் விரிவுபடுத்தப்பட்ட எல்லைக்குள் 2011-இல் ஏறத்தாழ 8.77 இலட்சம் மக்கள் இருந்தனர். தென்மாவட்டங்களிலிருந்தும், பின்னர் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். வேலை வளர்ந்த வேகத்தில் வீடும் குடிநீரும் கழிவுநீர்க் கால்வாயும் வளரவில்லை.

வரிசையாகக் கட்டப்பட்ட ஓரறை வாடகைக் குடியிருப்புகளை இவ்வூரில் 'லைன் வீடு' என்பர். ஒரே அறை சமையலறையாகவும் படுக்கையறையாகவும் பிள்ளைகள் படிக்கும் இடமாகவும் பயன்படும். பல குடும்பங்களுக்குப் பொதுவான குளியலறையும் கழிப்பறையும் இருக்கும். நிலத்தடி நீர் கெட்டமையால் குடிநீருக்கு வெளியூர் ஆறுகளை நாட வேண்டியதாயிற்று. பவானி, காவிரி நீர் குழாய்வழி கொண்டுவரப்பட்டது. நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் திறனுடன் பெருந்திட்டம் ஒன்றும் நிறைவேறியது. தன் ஆற்றின் நீரைக் குடிக்க இயலாத நகரம், வேறோர் ஆற்றின் நீரைத் தொலைவிலிருந்து வரவழைத்தது.

குழாயில் நீர் நாள்தோறும் வராத தெருக்களில் மக்கள் அதனைக் குடங்களிலும் பீப்பாய்களிலும் தொட்டிகளிலும் சேமித்து வைப்பர். மூடாத பாத்திரத்து நல்ல நீரே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவிற்கு இனப்பெருக்க இடம். நீர்ப் பற்றாக்குறை இவ்வாறு நோயாக உருமாறுகிறது. நகரின் குப்பை, கல் வெட்டியெடுத்துக் கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் கொட்டப்பட்டது. குழியில் தேங்கும் மழைநீர் குப்பையின் சாற்றுடன் பாறைப் பிளவுகளின் வழியே நிலத்தடிக்கு இறங்கும் வாய்ப்புண்டு. ஓடைக்கரைகள் வாடகை குறைந்த குடியிருப்புகளாயின. 2011 நவம்பரில் திடீரெனப் பெய்த பெருமழையில் இக்கரைக் குடியிருப்புகளுள் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது. வாடகை குறைவாக இருக்கும் இடத்தில் இடர் மிகுதியாக இருப்பதை நகரங்கள் பலவற்றிலும் காணலாம்.

தீர்ப்புகளும் தீர்வுகளும்

மாசைத் தடுக்கச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 1974-இலும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-இலும் இயற்றப்பட்டன. மாசு மிகுதியாக வெளியிடும் தொழில்களை ஆற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் புதிதாகத் தொடங்கக்கூடாது என்னும் பொருளில் தமிழ்நாடு அரசு 1989-இல் ஆணையிட்டது. நிறைவேற்றமே பின்தங்கியது.

1996-இல் பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நெறியை உறுதிசெய்தது. மாசுபடுத்தியவரே அதனைச் சீர்செய்யும் செலவையும் இழந்தவருக்கான இழப்பீட்டையும் ஏற்க வேண்டும் என்பது அந்நெறி. அத்தீர்ப்பின் விளைவாக அமைக்கப்பட்ட சூழல் இழப்பு ஆணையம் நொய்யல் பகுதியையும் ஆராய்ந்து, இருபத்தெட்டாயிரத்திற்கும் மேற்பட்ட உழவர்க்கு இழப்பீடு வரையறுத்தது.

நொய்யலின் ஆயக்கட்டு உழவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். சாயப்பட்டறைகள் கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை அடைய வேண்டும் என்றும், அணையைத் தூய்மை செய்யும் செலவை அவையே ஏற்க வேண்டும் என்றும் 2006-இல் தீர்ப்பு வந்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அந்நெறியை நிலைநிறுத்தியது. கெடுக்கள் கடந்தும் நிலைமை சீராகாமையால், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் ஏறாத துணி தையலுக்கு வராது. ஆகவே தையல் எந்திரங்களும் ஓய்ந்தன. தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். கடைமடை உழவன் பல ஆண்டுகள் சுமந்த இழப்பு, சில திங்களுக்கு நகரத்தின் வீடுகளையும் எட்டியது.

இந்நெருக்கடியே தொழில்நுட்பத்தையும் முடுக்கியது. பூச்சியக் கழிவுநீர் வெளியேற்றம் எனப்படும் முறையில், முதலில் நுண்ணுயிர்களின் துணையால் கரிமக் கழிவு நீக்கப்படுகிறது. பின்னர் நீர், எதிர் சவ்வூடு பரவல் முறையில் மென்சவ்வுகளின் வழியே அழுத்தத்துடன் செலுத்தப்படுகிறது. நல்ல நீரின் பெரும்பகுதி மீண்டு பட்டறைக்கே திரும்புகிறது. எஞ்சும் செறிந்த உப்புநீர் மீண்டும் சாயமேற்றப் பயன்படுகிறது. அல்லது ஆவியாக்கிகளில் கொதித்து உப்பாகப் பிரிக்கப்படுகிறது. அருள்புரத்தில் இம்முறை முன்னோடியாகச் செயற்படுத்தப்பட்டது. அரசின் கடனுதவியுடன் பிற நிலையங்களும் தொடர்ந்தன. பட்டறைகள் மீண்டும் இயங்கின.

இது பெருமுயற்சி. எனினும் 'பூச்சியம்' என்னும் சொல்லை ஆராய்ந்து பார்க்க வேண்டும். ஆற்றுக்குச் செல்லும் நீர் பூச்சியமாகலாம். ஆவியாக்கிக்கு எரிபொருளும் சவ்வுகளுக்கு மின்சாரமும் வேண்டும். அவை வேறோரிடத்தில் புகையாகின்றன. மீண்டும் பயன்படுத்த இயலாத கலப்பு உப்பும் இரசாயனக் கசடும் எஞ்சுகின்றன. அவற்றை மழைபடாமல் காக்க வேண்டும். கசடில் ஒரு பகுதி சிமெண்ட் ஆலைகளுக்குச் செல்கிறது. பொருள் அழிவதில்லை, இடமும் வடிவமும் மாறுகின்றன. மாறும் இடத்தையும் வடிவத்தையும் கண்காணிப்பதே பொறுப்பு.

இன்னும் இருப்பவை

சாயநீர் குறைந்தபின் ஆறு தானாகத் தூய்மையாகிவிடும் என எண்ணுதல் கூடாது. நகரங்களின் வீட்டுக் கழிவுநீர் நொய்யலில் கலக்கிறது. சாயத்திற்கு உரிமையாளர் உண்டு; அவரிடம் தண்டம் பெறலாம். வீட்டுக் கழிவுநீருக்கு நாம் அனைவரும் உரிமையாளர். ஆகவேதான் அது எளிதில் மறக்கப்படுகிறது.

கெட்ட நிலம் மீளும் வேகமும் வேறு. பட்டறையை ஒரே நாளில் மூடலாம். இறுகிய மண்ணை ஒரே பருவத்தில் இளக்க முடியாது. ஜிப்சம் இட வேண்டும்; வடிகால் வெட்ட வேண்டும்; அனைத்திற்கும் மேலாக, உப்பைக் கரைத்துச் செல்ல நல்ல நீர் வேண்டும். மழை குறைந்த இப்பகுதியில் அரிதாகக் கிடைப்பது அந்நீரே. நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில் கிணற்றின் உவர்ப்பு தணிகிறது; வறண்ட ஆண்டுகளில் மீண்டும் ஏறுகிறது. கோவைக் குளங்களைத் தூர்வாரி வாய்க்கால்களை மீட்கும் பணியில் மக்கள் ஈடுபட்டு வருவது நம்பிக்கை தரும் செய்தி. குளம் நிரம்புவதென்பது நிலத்தடி நீரின் உப்பை நீர்க்கச் செய்வதும் ஆகும்.

புவியியல் பார்வை

நொய்யலின் வரலாற்றைத் தொழிலதிபர் தீயவர், உழவர் நல்லவர் என்னும் கதையாகச் சுருக்கினால் நாம் எதையும் கற்றவராக மாட்டோம். பட்டறை வைத்தவருள் பலர் ஒரு தலைமுறைக்கு முன் உழவராக இருந்தவரே. உழவர் வீட்டுப் பிள்ளைகளே பனியன் நிறுவனங்களில் வேலை செய்தனர். ஒரே குடும்பத்தில் ஒருவர் கூலி பெற்ற தொழிலால் மற்றொருவரின் கிணறு கெட்டதும் உண்டு. தொழில் வேண்டுமா, ஆறு வேண்டுமா என்னும் வினா அக்குடும்பத்திற்குப் பொருந்தாது. அதற்கு இரண்டும் வேண்டும்.

புவியியல் கேட்கும் வினா வேறு. நன்மை எந்த இடத்தில் தங்குகிறது? தீமை எந்த இடத்திற்குச் செல்கிறது? இவ்விரு இடங்களும் வேறுவேறாக இருக்கும்போது, நன்மை பெறுவோர் தீமையைக் காண்பதில்லை. நொய்யலில் வருவாய் மேல்மடையில் தங்கியது. உப்பு கடைமடைக்குச் சென்றது. இரண்டிற்கும் இடையே சில பத்துக் கிலோமீட்டர் தொலைவே. அத்தொலைவைக் கடக்க ஒரு வழக்கும் பல ஆண்டுகளும் தேவைப்பட்டன. தொலைவு இன்னும் நீண்டால் என்ன ஆகும்? திருப்பூரின் ஆடையை அணியும் வெளிநாட்டவர் நொய்யலைக் கண்டதில்லை. ஆடை ஏற்றுமதியாகும்போது அதை உருவாக்கிய நீரும் மறைமுகமாக ஏற்றுமதியாகிறது. உப்பு மட்டும் இங்கேயே தங்கிவிடுகிறது. சுத்திகரிப்பின் செலவை ஆடையின் விலையில் சேர்க்க வாங்குவோர் இசைவதும் இச்சிக்கலின் தீர்வில் ஒரு பகுதி.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஓர் ஓடையோ ஏரியோ குப்பை மேடோ இருக்கும். அதன் மேற்புறத்தில் என்ன நடக்கிறது, கீழ்ப்புறத்தில் யார் வாழ்கின்றனர் என்று கேட்டறியுங்கள். கீழ்ப்புறத்தில் வாழ்வோரின் கிணற்று நீரைக் கேளாமல் எழுதப்படும் வளர்ச்சிக் கணக்கு முழுமை பெறாது. நாளை உங்களுள் ஒருவர் பட்டறை நடத்தலாம். ஒருவர் நிலத்தை உழலாம். ஒருவர் அலுவலகத்தில் அமர்ந்து ஆணை பிறப்பிக்கலாம். எப்பணியில் இருப்பினும் கடைமடையில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதை நினைவிற்கொள்வதே நொய்யல் கற்பிக்கும் பாடம்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதியிலுள்ள நீர்நிலை ஒன்றிற்கு நீர் வரும் வழியையும் வெளியேறும் வழியையும் காட்டும் வரைபடம் வரைந்து வகுப்பறையில் விளக்குக.

2. 'வேலைவாய்ப்பும் ஆற்றின் நலமும் இணைந்து செல்ல இயலும்' என்னும் பொருளில் சாயப்பட்டறை உரிமையாளர், தையல் தொழிலாளர், ஆயக்கட்டு உழவர், நகராட்சி அலுவலர் ஆகியோர் பேசுவதாக உரையாடல் அமைக்க.

3. உங்கள் வகுப்பு மாணவர்களின் பருத்திச் சட்டைகளை எண்ணி, பாடத்தில் உள்ள எடுத்துக்காட்டுக் கணக்கின்படி அவற்றின் சாயமேற்றலுக்குத் தேவைப்பட்ட உப்பின் அளவை மதிப்பிடுக.

சொற்பொருள்

ஆயக்கட்டு – ஓர் அணை அல்லது குளத்தின் பாசனத்திற்கு உட்பட்ட நிலப்பரப்பு
கடைமடை – பாசன வாய்க்காலின் இறுதிப் பகுதி
கசடு – அடியில் படியும் கழிவு
வடிநிலம் – ஓர் ஆற்றுக்கு மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பு

இலக்கணக் குறிப்பு

ஆறும் ஊரும் நிலமும் – எண்ணும்மை
கருமண் – பண்புத்தொகை
இறுகிய மண் – பெயரெச்சம்
சேராத தொகை – எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

தொடுத்தனர் = தொடு + த் + த் + அன் + அர்
தொடு – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஒரத்துப்பாளையம் அணையின் பணி நிறைவுற்ற ஆண்டு
அ) 1974 ஆ) 1986 இ) 1992 ஈ) 2006

2. களர்நிலத்தைச் சீர்செய்ய முதலில் இடவேண்டியது
அ) சாதாரண உப்பு ஆ) ஜிப்சம் இ) சோடியம் சல்பேட் ஈ) சாயக்கசடு

குறுவினா

1. கொங்குச் சமவெளி மழைமறைவுப் பகுதியாக அமைந்தமைக்குக் காரணம் யாது?
2. சாயத்தொட்டியில் உப்புச் சேர்ப்பது ஏன்?

சிறுவினா

1. உவர்நிலம், களர்நிலம் – வேறுபடுத்துக.
2. 'அணையின் நீரைத் திறந்துவிட வேண்டா' என உழவர் வேண்டியதன் பின்னணியை விளக்குக.
3. நீர்ப் பற்றாக்குறை நகரத்தில் நோயாக உருமாறுவது எவ்வாறு?

நெடுவினா

1. நன்மை தங்கும் இடமும் தீமை சென்றடையும் இடமும் வேறுபடுவதே சுற்றுச்சூழல் சிக்கல்களின் அடிப்படை என்பதை நொய்யலின் வழி நிறுவுக.
2. பூச்சியக் கழிவுநீர் வெளியேற்ற முறையின் பயன்களையும் எல்லைகளையும் ஆராய்ந்து கட்டுரை வரைக.